பாறைப் பாடத்தை எலுமிச்சம்பழத்தில் தொடங்குங்கள்

“எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் புவியியலையும் உயிரியலையும் சம்பந்தமே இல்லாத இரண்டு பாடங்களாக நினைக்கிறார்கள். சேர்த்துப் புரியவைக்க எங்கே தொடங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரியலூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். நான் தொடங்குவது சுண்ணாம்புக்கல்லில்.

ஒரு துண்டு சுண்ணாம்புக்கல், ஒரு கருங்கல் ஜல்லி, ஒரு கிளிஞ்சல். தனித்தனியாகத் தட்டிப் பொடியாக்கி, எலுமிச்சைச் சாற்றைப் பிழியச் சொல்லுங்கள். கருங்கல் பொடி சும்மா கிடக்கும். மற்ற இரண்டிலும் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். அது கரியமில வாயு. ஒன்று பாறை, இன்னொன்று ஓர் உயிரின் ஓடு. ஆனால் இரண்டுமே கால்சியம் கார்பனேட். “அப்போ இந்தக் கல்லு கிளிஞ்சல்ல இருந்து வந்ததா சார்?” என்று யாராவது கேட்பார்கள். அதுவரை நான் விளக்கம் சொல்வதில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கல்லைச் சுட்டும் எடுப்பார்கள், கிளிஞ்சலைச் சுட்டும் எடுப்பார்கள் என்பது பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம்தான்.

அப்புறம் கடல். அரியலூரிலிருந்து இன்றைய கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர் காலத்தில், இங்கே கடல் இருந்தது. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது காவிரிப் படுகையில் நிலம் தாழ்ந்து, பிறகு கடல் உள்ளே ஏறியது. காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் மழைநீர் அறுத்த ஓடைகளில் பாருங்கள், துப்பாக்கித் தோட்டா மாதிரி கல் கிடக்கும். கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற உயிரின் உள்கூடு அது. சுருள் சுருளான அம்மோனைட்டும் உண்டு. பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் அதுவும் கணவாய்க்குத்தான் உறவு. நேபாளத்திலிருந்து வரும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்று சொல்லிப்பாருங்கள், இமயமலையும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரமோ (கல்லாகிப்போன மரம்), கரையில் நின்றிருந்த காட்டுக்குச் சாட்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயு மழையில் கரைகிறது. அந்த மழை பாறையை மெல்ல அரித்து, கால்சியத்தை ஆற்றில் விடுகிறது. கடலுயிர்கள் அதை எடுத்து ஓடு கட்டுகின்றன. அவை செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து கல்லாகின்றன. காற்று, மழை, ஆறு, உயிர், பாறை எல்லாம் ஒரே சுற்றுக்குள் வந்துவிட்டன.

சுற்றின் மறுபாதி சிமென்ட் சூளையில் நடக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை முழுதாகச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்புகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு சிப்பிகள் பூட்டி வைத்த வாயு அது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி ஆலைப் புகைபோக்கி இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

காரையிலிருந்து படிமம் (கல்லாகிப்போன உயிரெச்சம்) எதையும் எடுத்துவர விடாதீர்கள், பார்த்தால் போதும். கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் முட்டை ஓடு சரிப்படும், அதுவும் இதே பொருள்தான்.