ராஜாவின் மூச்சை எண்ணி எண்ணி என் தூக்கம் போய்விட்டது

கேள்வி: எனக்கு 57 வயது. ஆயர் ஈத்தாமில் தரைவீட்டில் கணவரோடு இருக்கிறேன். பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை. எங்கள் நாய் ராஜாவுக்கு 12 வயது. இதய வால்வு கசிகிறது என்று சொல்லி மிருக மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார். இரவெல்லாம் எழுந்து எழுந்து அவன் மூச்சை எண்ணுகிறேன். படுத்தால் எனக்கே நெஞ்சு படபடக்கிறது. காலையில் வாசலில் உட்கார்ந்து ரம்புத்தான் மரத்துக்கு வரும் பறவைகளைப் பார்க்கும்போது மட்டும் மனம் அடங்குகிறது. உடனே, ‘அவன் இப்படிக் கிடக்கும்போது நான் குருவி பார்க்கிறேனே’ என்று குற்றவுணர்ச்சி வந்துவிடுகிறது. இது சரிதானா டாக்டர்?
- வாசகி, பினாங்கு

பதில்: சரிதான் அம்மா. அந்தக் காலை நேரத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ராஜாவைப் பார்த்துக்கொள்ளும் தெம்பு உங்களுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

‘இவன் இன்னும் எத்தனை நாள் இருப்பான்?’ என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் கிடைக்காத கேள்வியை மனம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். உடம்போ ஆபத்து வந்துவிட்டதாக நினைத்து அட்ரினலினைச் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் கலையும். மரத்தில் மஞ்சளாக ஒன்று வந்து உட்காரும்போது எழும் கேள்வி வேறு: இது என்ன பறவை? கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருக்கிறதா, அப்படியானால் மாங்குயில். இதற்குப் பதில் உண்டு, அதுவும் அங்கேயே கிடைக்கிறது. மனத்துக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரின் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தபோதும் அதன் குரலைக் கேட்டபோதும் அவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த நலம் எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இதையே கண்டார்கள்.

ராஜாவையும் பக்கத்திலேயே நிழலில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பறவை கூவினால், மெர்லின் என்ற இலவசச் செயலி குரலை வைத்தே சொல்லிவிடும். ஏடிஸ் கொசு கடிக்கும் நேரமும் காலைதான். அதனால் கைநீளச் சட்டை போட்டு, கொசு விரட்டி பூசிக்கொண்டு உட்காருங்கள். கணவர் வீட்டில் இருக்கும் நாளில் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1884ல் தொடங்கிய பூங்கா, பெரிய பெரிய மரங்கள். மீன்கொத்தி, தேன்சிட்டு, முராய் எல்லாம் கண்ணில் படும்.

இப்போது இரவுக்கு வருவோம். நான் மனிதர்களைப் பார்க்கும் மருத்துவன். ஆனாலும் மிருக மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நாய் அசந்து தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போதும் கனவில் கால் உதறும்போதும் எண்ணக் கூடாது. நாளுக்கு ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதினால் போதும். பத்து முறை எண்ணுவதால் ராஜாவுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. உங்கள் தூக்கம்தான் போகிறது. மீண்டும் எண்ணியும் 30க்கு மேலேயே நின்றால் மருத்துவரை அழையுங்கள். அவன் மூச்சுக்குத் திணறினாலோ ஈறு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை போகும்போது மிருக மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த எண்ணிக்கையில் அவரை அழைப்பது, நடுராத்திரியில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும், அங்கே போய்ச் சேரும்வரை வீட்டில் என்ன கொடுக்கலாம். அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி பயம் வரும்போது யோசிக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். கைப்பேசியில் நோயைப் பற்றித் தேடுவதைப் படுக்கையறையில் மட்டுமாவது நிறுத்துங்கள்.

அப்புறம் உங்கள் நெஞ்சுப் படபடப்பு. கவலைதான் காரணம் என்று பார்க்காமலே சொல்ல மாட்டேன். இந்த வயதில் தைராய்டு, ரத்தச் சோகை, இதயத் துடிப்புக் கோளாறு எதுவும் இப்படிக் காட்டலாம். இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாலைக்கு மேல் காப்பி, தே தாரிக் வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையைக் கெடுத்தால், ராஜாவின் கதையை அந்த டாக்டரிடம் முழுசாகச் சொல்லுங்கள். ‘நாய்க்காகவா?’ என்று கேட்பாரோ என்று தயங்க வேண்டாம். 12 வருடம் கூடவே வளர்ந்தவனுக்காகத் தூக்கம் போவது நாங்கள் கிளினிக்கில் பார்க்கும் விஷயம்தான், அதற்கு உதவியும் செய்ய முடியும்.