கடைசி பெஞ்சில் நான்கு மாதம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஊர்க் கோயிலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, திருப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் இங்குள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போகிறோம். கடைசி பெஞ்சில் உட்காருவோம். இதுவரை ஒருவர்கூட என் பேரைக் கேட்கவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அங்க நீங்க யாரு வகை?" என்றார். பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் அவரும் பேசுவதில்லை.

ஆராதனையும் நம்ம ஊர் மாதிரி இல்லை. நான் முழங்காலிடுகிற இடத்தில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்த பாட்டுக்கே மெட்டு வேறாக இருக்கிறது. ஆராதனை நடுவில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது முன் பெஞ்சுக்காரர் திரும்பிக் கையை நீட்டுவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

போன மாதம் கணவருக்கு டைபாய்டு. எங்கள் தெருவில் உள்ள ஒரு ஜெப வீட்டிலிருந்து இரண்டு பேர் கஞ்சியும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து, உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே வரச் சொல்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னால் "சபை மாறப் போறியா?" என்று வருத்தப்படுகிறார். சபை மாறுவது தப்பா அக்கா? நீங்கள் எழுதிய மாதிரிச் சபை ஊரில் மட்டும்தான் இருக்குமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில், வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது? டைபாய்டு விட்ட பிறகும் ஒரு மாதத்துக்குச் சோர்வு இருக்கும். நைட் ஷிஃப்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி கொண்டுவந்த அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைவாகச் சொல்ல மாட்டேன். நம் சபை செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்தார்கள். அவர்களுடைய உபதேசம் எனக்கு ஒத்துப்போகுமா என்பது வேறு விஷயம். சுரத்தில் கிடந்தவரைத் தேடி வந்தவர்கள், அவ்வளவுதான். நன்றி சொல்லுங்கள். பண்டிகைக்குப் பலகாரம் செய்தால் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உறவை விட வேண்டாம்.

சபை மாறுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இப்போதே முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் நம்மை யாரும் வரவேற்றதே இல்லை, யோசித்துப் பாருங்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே அழுத நாளிலிருந்து நாம் அங்கே இருந்தோம். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிப் பென்சில் வாங்கினோம், கிறிஸ்துமஸ் பஜனையில் பெட்ரோமாக்ஸ் பின்னால் நடந்தோம், கைப்பிடி அரிசிப் பையை அம்மா நம் கையில்தான் கொடுத்துவிட்டார். நம் பேர் அங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் நம் கோயிலின் கடைசி பெஞ்சில் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தால் நாம் போய்ப் பேசியிருப்போமா? நான் பேசியதில்லை. எங்கள் ஊர் பள்ளிக்கூடத்துக்கு மாறுதலாகி வந்த ஒரு டீச்சர், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், ஒரு வருஷம் தூண் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். அவர் மாறுதல் வாங்கிப் போன பிறகுதான் அவர் பேர் எனக்குத் தெரிந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தத் தூண்தான் கண்ணில் நிற்கிறது.

ஆராதனை வேறு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விளக்கினால் மனசு கொஞ்சம் லேசாகும். நம் திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் வளர்த்த சபை. ஜெபப் புத்தகம், முழங்காலிடுதல், குருவானவரின் வெள்ளை அங்கி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கோயம்புத்தூர்ப் பக்கம் 1830இல் ஆடிஸ் என்பவர் வந்து ஆரம்பித்தது லண்டன் மிஷன். அவர்கள் எழுதிவைத்த ஜெபங்களைவிட மனதிலிருந்து செய்யும் ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் அதிக இடம் கொடுத்தவர்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், இந்த லண்டன் மிஷன் சபைகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானதுதான் சி.எஸ்.ஐ. பேர் ஒன்றானாலும் பழக்கங்கள் அந்தந்தப் பக்கத்தில் அப்படியே தங்கிவிட்டன. ஆகவே நீங்கள் முழங்காலிடுவதை யாராவது விநோதமாகப் பார்த்தால் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை.

ஆனால் அந்தச் சமாதானம் சொல்லும் இடம், அது வேறு. அதை நான் விட மாட்டேன்.

சி.எஸ்.ஐ. உருவாகி மூன்று வருஷத்தில், 1950இல், புதிய திருவிருந்து (நற்கருணை) ஆராதனை முறை ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் சேர்த்ததுதான் இந்தக் கை. கேரளத்துச் சுரியானி சபைகளில் தொன்றுதொட்டு இருந்த வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க வேண்டும். அப்புறம் இருவரும் இடது கையை மேலே வைத்து மூட வேண்டும். இரண்டு பேர் கையும் ஒன்றுக்குள் ஒன்று பொதிந்துவிடும், குருவிக் குஞ்சைப் பிடித்த மாதிரி. மேசையருகே குருவானவரிடமிருந்து புறப்பட்டு, கூட நிற்பவர்களிடம் வந்து, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போக வேண்டும். கைமாறிக் கைமாறித்தான் கடைசி பெஞ்சுக்கு வரும். நடுவில் ஒருவர் விட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்காது.

என் சிறுவயதில் எங்கள் ஐயர் (குருவானவரை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) இதைப் பற்றி ஒருமுறை பிரசங்கம் செய்தார். ஒருவரை ஒருவர் தொட்டால் தீட்டு என்றிருந்த நாட்டில், முன்பின் தெரியாதவர் உள்ளங்கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடி என்று ஒரு சபை ஒழுங்காகவே எழுதிவைத்தது சின்ன விஷயமா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் கைகொடுத்தபோது எங்கள் பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். "எந்த ஊர்?" என்பது அன்பாகவும் இருக்கும், அளவெடுக்கிறதாகவும் இருக்கும். "யாரு வகை?" என்று அடுத்து வந்தால் எதற்கென்று நமக்குத் தெரியும். நீங்கள் சிரித்து வைத்தது சரி. நம் சபைகளில் இது பழைய நோய். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடவே கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. சாதி வேறுபாடு இருக்கலாம் என்று வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் கீர்த்தனைகளை இன்றைக்கும் உருகிப் பாடுகிற எனக்கு இதை எழுதவே வலிக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், கிறிஸ்தவர்கள் ஆனதற்காகத் துன்புறுத்தப்பட்டு விரட்டப்பட்ட குடும்பங்களுக்கென்று நிலம் வாங்கி ஒரு ஊர் அமைத்தார். அதுதான் முதலூர், இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும் இதே காரியத்தைப் பெரிதாகச் செய்தார். நிலம் வாங்கவென்றே தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். நம் பக்கத்தில் "புரம்" என்று முடிகிற எத்தனையோ ஊர்கள் இப்படிப் போக்கிடம் இல்லாதவர்கள் வந்து கூடிய ஊர்கள். அங்கேயும் சாதி ஒழிந்துவிடவில்லை, பெரும்பாலும் ஒரே சாதியினர்தான் கூடினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நம் முப்பாட்டிமார் மூட்டையும் பிள்ளையுமாக வந்து நின்றபோது, உள்ளே வா என்று ஒரு சபை சொல்லியிருக்கிறது. அதனால்தான் நீங்களும் நானும் இருக்கிறோம். அந்த வழியில் வந்த நாம் இன்னொருவரைக் கடைசி பெஞ்சில் நான்கு மாதம் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்வது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் வேறொரு நகரத்தில் இருந்தோம். அங்கே ஆறு மாதம் உங்களைப் போலத்தான். வாசலில் கைகுலுக்க ஒருவர் நிற்பார், "வாங்க வாங்க" என்பார், அடுத்த ஞாயிறும் புதிதாகப் பார்க்கிற மாதிரியே "வாங்க வாங்க" என்பார். விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், நேர்ந்துகொண்ட பூசணிக்காயை வைத்துவிட்டு வரலாம் என்று கோயிலுக்குப் போனேன். பின்னால் கொட்டகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் எல்லோருக்கும் சாப்பாடு. ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "வெங்காயம் உரிப்பியா?" என்றார். தலையாட்டினேன். ஒரு சின்ன வெங்காய மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

தண்ணீரில் ஊறப்போட்ட வெங்காயம். தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வராது, உதறினால் முழங்கையில் போய் ஒட்டும். டியூப் லைட்டைச் சுற்றி ஈசல். பிள்ளைகள் ஓரமாக ஜமுக்காளத்தில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தன. எல்லோர் கண்ணிலும் தண்ணீர், வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் பத்து மணிக்கு மேல் பேச்சு திறந்துகொண்டது. ஒருவருக்கு மகன் வளைகுடாவில், போன் இல்லை. ஒருவருக்கு மருமகளோடு மனத்தாங்கல். எனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளை. என் அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லாததை அங்கே சொன்னேன். பாட்டி கையை நிறுத்தவே இல்லை. "எனக்கு ரெண்டு" என்றார், அவ்வளவுதான். மூட்டை காலியானபோது மணி ஒன்று. மறுநாள் ஏலத்தில் என் பூசணிக்காய் வந்ததும், "அது நம்ம புள்ளையோடது, விடாதீங்க" என்று அந்தப் பாட்டியின் குரல் கேட்டது. ஒருவர் எடுத்து, காணிக்கையாகத் திருப்பிக் கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு, நாலு கை மாறியது. அதற்கப்புறம் அந்தச் சபையில் என் பேர் தெரியாதவர்கள் இல்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இது: வேலை கொடுக்கிற சபையில்தான் மனுஷர் ஒட்டுகிறார்கள். வாசலில் எவ்வளவு சிரித்தாலும், கையில் ஒரு வேலை இல்லாவிட்டால் விருந்தாளியாகவே இருந்துவிடுவோம். விருந்தாளி நாலு நாளைக்குத்தான்.

ஆகவே நீங்கள் அந்தச் சபையார் என்று ஊர் ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கி, அங்குள்ள குருவானவரை வீட்டில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேண்டாம், அங்கே அவருக்கு நேரம் இருக்காது. கணவர் சுகமில்லாமல் இருந்ததையும் யாரும் வராததையும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள், குறையாக நினைத்தாலும் பரவாயில்லை. நம் பக்கம் சங்கக் காணிக்கை என்பதை வேறு இடங்களில் சந்தா என்பார்கள், அதைக் கட்டிப் பேரைப் பதிந்துகொள்ளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் எந்த நாள் கூடுகிறது என்று கேட்டு அதற்குப் போங்கள். ஞாயிறு ஆராதனையைவிட அது முக்கியம் என்றுகூடச் சொல்வேன், அங்கே வட்டமாக உட்காருவார்கள், கடைசி பெஞ்சு கிடையாது. கைவேலை தெரிந்தால் சொல்லுங்கள். பனியன் கம்பெனி ஊரில் தையல் தெரிந்த ஆளை யாரும் விட மாட்டார்கள்.

இதைப் படிக்கிற சபை மூப்பர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தால், நான்காவது ஞாயிறு அவர் கையில் ஏதாவது கொடுங்கள். வேத பாடம் வாசிக்கச் சொல்லுங்கள், காணிக்கைப் பை பிடிக்கச் சொல்லுங்கள், நாற்காலி மடக்கச் சொல்லுங்கள். ஊரைக் கேட்கும் முன் பேரைக் கேளுங்கள். வகையைக் கேட்கவே வேண்டாம்.

தங்கச்சி, அடுத்த திருவிருந்து ஞாயிறன்று கடைசி பெஞ்சை விட்டு மூன்று வரிசை முன்னால் வந்து உட்காருங்கள். முன்னால் இருப்பவர் முகம் பார்க்காமல் கையை நீட்டினால், வாங்கிக்கொண்டு உடனே விட்டுவிடாதீர்கள். இடது கையையும் மேலே வைத்து மூடுங்கள். நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் திரும்பி, உங்கள் பின்னால் இருப்பவருக்குக் கொடுங்கள்.

அறுப்பின் பண்டிகை வரைக்கும் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் ஜெப வீட்டுக்குப் போங்கள், அம்மாவிடம் நானே பேசுகிறேன். பிள்ளை இருந்தால் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்.) இப்போதே பேரைக் கொடுத்து வையுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா