“அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்”: மனநல இல்லங்களின் லைசென்ஸ் பற்றி ஐந்து கேள்விகள்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. குடியை விட வைக்க, பக்கத்து ஊரில் உள்ள போதை மீட்பு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதத்துக்கு 54,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வாரமாகியும் போனில்கூடப் பேச விடவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்” என்கிறார்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள் மாட்டியிருக்கின்றன. இதெல்லாம் சட்டப்படி சரியா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியில்லை அம்மா. ஒன்றல்ல, மூன்று இடங்களில் சரியில்லை.

முதலில் லைசென்ஸ். போதை மீட்பு மையத்துக்கு மனநலச் சட்டம் பொருந்தாது என்று நடத்துபவர்களே சிலர் சொல்வார்கள். பொருந்தும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆங்கில மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யோகா, எதுவானாலும் இதேதான். உறவினர்களோ நண்பர்களோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் விலக்கு.

“அப்ளை பண்ணியிருக்கோம்” என்ற பதில் ஏன் நம்பும்படி இல்லை என்றால், விண்ணப்பம் வந்த 10 நாளில் தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உண்மையிலேயே விண்ணப்பித்தவர்களிடம் மாதக்கணக்கில் ஒரு தாளும் இல்லாமல் இருக்காது. விண்ணப்பம் கொடுத்த தேதியையும் ஒப்புகைச் சீட்டையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது, போன். சிகிச்சையில் இருப்பவருக்குப் பார்வையாளர்களைச் சந்திக்கவும், நியாயமான நேரங்களில் போன் பேசவும் உரிமை உண்டு. மையம் நேரம் வகுக்கலாம், ஒழுங்கு வைக்கலாம். ஐந்து வாரம் மொத்தமாகக் கதவைச் சாத்துவது ஒழுங்கு அல்ல. அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்), வழக்கறிஞர், மனநல சீராய்வு மன்ற (நோயாளிகளின் சேர்க்கையையும் உரிமைகளையும் பரிசீலிக்கச் சட்டம் அமைத்த மன்றம்) உறுப்பினர்கள், நீதிபதி, சட்டமன்ற உறுப்பினர் ஆகியோர் அவரைச் சந்திப்பதைத் தடுக்கவே முடியாது. தம்பி யாரிடமும் பேச வேண்டாம் என்று அவராகவே சொல்லியிருந்தால் அது அவர் விருப்பம். அதையும் அவர் வாயால் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அந்த மூன்று மாதம். தம்பி தானாகச் சம்மதித்துச் சேர்ந்திருந்தால், போகிறேன் என்று அவர் கேட்கும்போது விட வேண்டும். வேறு வகைச் சேர்க்கை தேவைப்படுமா என்று பார்க்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று சேர்த்திருந்தால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மேலே போக சீராய்வு மன்றத்தின் அனுமதி வேண்டும். அக்காவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் பூட்டி வைக்கும் ஏற்பாடு இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. சேர்த்த அன்று எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று நினைவிருக்கிறதா? அதன் நகலைக் கேளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? போன் செய்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தம்பியைக் கண்ணால் பாருங்கள், தனியாகப் பேசுங்கள். பார்க்கவே விடாவிட்டால் அங்கிருந்தே 112-க்கு அழையுங்கள். மறுநாளே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு) போட முடியுமா என்று கேளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும்.

கேள்வி: பதிவு இல்லாமல் நடத்தினால் என்ன தண்டனை? புகார் கொடுத்தால் நாங்கள் கட்டிய பணம் திரும்ப வருமா?
— வாசகர், திருச்சி

பதில்: சட்டத்தின் 107-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. பதிவு இல்லாமல் நடத்துவது முதல் முறை பிடிபட்டால் 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை 50,000 முதல் 2 லட்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 2 லட்சம் முதல் 5 லட்சம். கட்டாவிட்டால் நில வருவாய் பாக்கியை வசூலிப்பது போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிப்பார்கள்.

மேலே திண்டுக்கல் வாசகி கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மாதம் 18,000. முப்பது பேர் இருந்தால் மாத வருமானம் 5,40,000. முதல் அபராதத்தின் உச்ச வரம்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அபராதம் கட்டிவிட்டு நடத்திக்கொள்ளலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால் அதைத் தடுக்க இந்தத் தொகை போதாது. சட்டத்தின் இந்த இடம் பலவீனமானது என்பதே என் கருத்து.

ஆனால் அபராதத்தோடு முடிந்துவிடுவதில்லை. 108-வது பிரிவு, சட்டத்தை மீறும் யாருக்கும், அதாவது பதிவு பெற்ற இடத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. மறுபடி செய்தால் 2 வருடம் வரை சிறை, அல்லது 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கக் கூடாது. கட்டாயமாக மொட்டை போடக் கூடாது. கூலி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. இவையெல்லாம் இந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கும் தடைகள். அடித்திருந்தால், அடைத்து வைத்திருந்தால், அது தனியாகக் காவல் நிலைய வழக்கு.

இனி உங்கள் பணம். அபராதத் தொகை அரசின் நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது. பணத்துக்கும் இழப்பீட்டுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். காசு கொடுத்துப் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். பதிவு இல்லை என்று மனநல ஆணையத்தில் கொடுக்கும் புகாரும், நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவும் தனித்தனிப் பாதை. ஆகவே ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள்.

ரசீதுதான் இங்கே எல்லாமே. துண்டுச் சீட்டில் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தரும் இடங்கள் பல. யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கட்டினால் கணக்கில் தடயம் இருக்கும். ரொக்கமாகவே கட்டியிருந்தால் தேதி, தொகை, வாங்கியவர் பெயர், உடனிருந்தவர் பெயர் நான்கையும் இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் மையத்துக்குப் பதிவு இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. எனக்கும் சிக்கல் வருமா?
— மனநலச் செவிலியர், சேலம்

பதில்: வரும். பதிவு இல்லை என்று தெரிந்தே மனநலப் பணியாளராக அங்கே தொடர்ந்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். “தெரிந்தே” என்ற சொல் முக்கியம். தெரிந்துகொண்ட தேதியைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் கேள்வி அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாநில மனநல ஆணையத்துக்கு நீங்களே எழுதலாம். உள்ளே இருப்பவர்களின் நிலை உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். எனக்கு வெளியூரில் வேலை. நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்க்க விரும்புகிறேன். அரசுச் சான்றிதழ் இருந்தால் நம்பலாம்தானே?
— வாசகர், கோவை

பதில்: சான்றிதழ் இல்லாத இடத்தை உடனே ஒதுக்கிவிடலாம். சான்றிதழ் இருக்கிற இடத்தை அதற்காக மட்டும் நம்ப முடியாது.

தற்காலிகப் பதிவை 10 நாளில் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன் யாரும் வந்து பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 12 மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். பதிவு பெற்ற இடங்களை ஆணையம் 3 வருடத்துக்கு ஒரு முறை தணிக்கை செய்ய வேண்டும். ஆகவே சுவரில் ஒரு தாள் இருக்கிறது என்றால், அங்கே இன்னும் எந்த அதிகாரியும் காலடி வைக்காமலும் இருக்கலாம்.

நண்பர் ஒருவருக்காக இடம் பார்க்கப் போனபோது ஒரு சான்றிதழைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் மாலை சாத்தியிருந்தார்கள். மாலையைச் சற்று ஒதுக்கிவிட்டுப் படித்தால், “தற்காலிகம்” என்று இருந்தது. காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் மாட்டியிருந்தவை டிரஸ்ட் பதிவு, 80ஜி வருமான வரிச் சான்று, ஏதோ ஒரு சங்கம் கொடுத்த சேவை விருது. இவற்றில் எதுவும் நோயாளியைத் தங்க வைக்கும் அனுமதி ஆகாது. நீங்கள் தேட வேண்டியது 2017 சட்டத்தின் பெயரும், மாநில மனநல ஆணையத்தின் பெயரும், பதிவு எண்ணும், செல்லும் தேதியும் உள்ள தாள். எல்லார் கண்ணிலும் படும்படி அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூடவே சீராய்வு மன்றத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அந்த மன்றத்துக்கு நோயாளி இலவசமாகப் போன் செய்ய வசதியும் தர வேண்டும். அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் போன இடத்தில் இல்லை.

அப்புறம், உள்ளே போய்ப் பாருங்கள். வரவேற்பறையோடு திருப்பி அனுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? உள்ளே இருப்பவர்கள் அவரவர் உடையில் இருக்கிறார்களா? மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், போன வாரம் வந்ததற்கு கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருக்கிறதா?

கடைசியாக, ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓர் இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல இல்லத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, எந்த இல்லத்துக்குப் போனாலும் சாவியைக் கேட்காமல் நான் திரும்புவதில்லை. “வாட்ச்மேனிடம் இருக்கும், அவர் கேட்டருகே படுத்திருப்பார்” என்று பதில் வந்தால், கேட்டுக்கும் அம்மா படுக்கப்போகும் அறைக்கும் நடுவே எத்தனை பூட்டு என்று நீங்களே நடந்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் இருக்கும் இல்லத்தில் அழுக்கும் அடியும் என்று தெரியும். ஆனால் புகார் கொடுத்து மூடிவிட்டால் அவரை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? எனக்கே 61 வயது, தனியாக இருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் பேசாமல் இருக்கிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தப் பயம் உங்களுக்கு மட்டுமில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இது இருக்கிறது. அதனால்தான் பல இடங்கள் வருடக்கணக்காகக் கேள்வியில்லாமல் ஓடுகின்றன. 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில், உள்ளே இருந்த ஒருவரைக் காணோம் என்று உறவினர்கள் விடாமல் தேடியதால்தான் அங்கே இருந்தவர்களைக் கொடுமைப்படுத்தியதாக எழுந்த புகார்கள் வெளியே தெரிந்தன.

புகார் கொடுத்தாலே பூட்டு விழும் என்று நினைக்க வேண்டாம். மாநில மனநல ஆணையம் முதலில் ஆய்வுக்கு ஆள் அனுப்பும். குறைகளைச் சுட்டி, சரிசெய்யக் கெடு கொடுக்க முடியும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால்தான் நடத்துவதையே உடனே நிறுத்தி வைக்கும். பதிவை ரத்து செய்வதற்கும் முன்னால் விளக்கம் கேட்க வேண்டும். இந்தப் புகாரை உறவினர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறது சட்டம். உங்கள் பெயர் முன்னால் வரக் கூடாது என்றால் நம்பிக்கையான ஒரு நண்பரோ வழக்கறிஞரோ எழுதட்டும். கண்டதை மட்டும் எழுதுங்கள். “மோசமாக நடத்துகிறார்கள்” என்பதைவிட, “இந்தத் தேதி, இந்த நேரம், இடது முழங்கையில் தழும்பு பார்த்தேன்” என்ற ஒரு வரி அதிகாரியை எழுந்து போக வைக்கும்.

அதற்கு முன்பே அண்ணனுக்கு மாற்று இடம் பார்த்துவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசுத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். தஞ்சையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாற்றும்போது அண்ணனுடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அது அவருடைய உரிமை, பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்க விடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். புது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.