மேற்கே போகிறீர்கள், சரி. அம்மா எங்கே போவார்?

கேள்வி: டொராண்டோவின் ஸ்கார்பரோவில் டவுன்ஹவுஸ் ஒன்றில் இருக்கிறோம். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், ஒன்பது வருட சர்வீஸ். நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மகன் நான்காம் வகுப்பு, மகளுக்கு மூன்று வயது. இந்த வீட்டை விற்றால் கால்கரியின் தெற்கு ஓரத்தில் நான்கு படுக்கையறை, தனி வாசல் வைத்த பேஸ்மென்ட், இரண்டு கார் கராஜோடு புது வீடே வாங்கலாம் என்கிறார் அங்கிருக்கும் மச்சான். மனைவிக்கு வான்கூவர் பக்கம் ஆசை. எட்மண்டன் இன்னும் மலிவு என்றும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ஆனாலும் தானே பஸ் ஏறிக் கோயிலுக்கும் கடைக்கும் போய்வருவார். அவரும் எங்களோடு வருவார். எந்த ஊர் நல்லது?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: எத்தனை படுக்கையறை, எத்தனை கார் நிறுத்தலாம் என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் நிற்குமா என்பது இல்லை. இந்த இடமாற்றத்தில் உங்கள் வீட்டில் அதிகம் இழக்கப்போகிறவர் அம்மா. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கார்பரோவில் அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயில், முருங்கைக்காயும் மீனும் கிடைக்கிற தமிழ்க் கடை, உடம்புக்கு என்ன என்று தமிழிலேயே சொல்ல ஒரு டாக்டர். எதற்கும் உங்கள் கையை எதிர்பார்ப்பதில்லை. நகர ஓரத்தில் புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் முதலில் வருவது வீடும் கராஜும்தான். பள்ளி, கடை, ஒழுங்கான பஸ் எல்லாம் வர வருடக்கணக்காகும். ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூடக் கார் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, நவம்பரிலிருந்து மார்ச் வரை, அவர் அந்தப் பெரிய வீட்டுக்குள் குழந்தையோடு அடைந்து கிடப்பார். இதை அவரிடம் இப்படியே சொல்லிச் சம்மதம் கேட்டீர்களா?

கால்கரியில் சினூக் என்றொரு காற்று வீசும். மலையிலிருந்து இறங்கும் அந்த வெப்பக் காற்று, உறைபனிக் குளிரைச் சில மணி நேரத்தில் விரட்டிவிடும். மச்சான் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். பகலில் உருகிய பனி ராத்திரி நடைபாதையில் மறுபடி உறைந்து வழுக்குப்பாறையாகி விடுவதை அவர் சொல்லியிருக்க மாட்டார். 71 வயதில் ஒரு தடவை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று உங்கள் மனைவிக்குத் தெரியும்.

மருந்துச் செலவையும் யாரும் யோசிப்பதில்லை. ஒன்டாரியோவில் 65 வயது தாண்டியவர் வருடத்துக்கு முதல் 100 டாலரைக் கட்டிய பிறகு, ஒரு மருந்துச் சீட்டுக்கு அதிகபட்சம் 6.11 டாலர்தான் கொடுக்கிறார். வருமானம் குறைந்தவருக்கு அந்த 100 டாலரும் இல்லை, சீட்டுக்கு 2 டாலர்தான். கால்கரியும் எட்மண்டனும் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் முதியோர் திட்டத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் விலையில் 30 சதவீதம், ஓர் உச்சவரம்பு வரை, கையிலிருந்து போகும். சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் நாலைந்து மருந்து வாங்குகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

மச்சான் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் கட்டும் பொருளுக்கு அங்கே 5 சதவீதம். வீடு வாங்கும்போது டொராண்டோவில் மாகாணம், நகரம் என்று இரண்டு அரசுக்கும் கட்டும் நில மாற்று வரியும் அங்கே இல்லை, பதிவுக் கட்டணத்தோடு சரி. மற்ற மாகாணங்களிலிருந்து 2023-ல் அங்கே குடிவந்தவர்கள், அங்கிருந்து வெளியேறியவர்களைக் கழித்த பிறகும், 55,000-க்கு மேல். ஆனால் அவ்வளவு பேரும் போய் இறங்கிய ஊர் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். கால்கரியில் அருகிலிருக்கும் பள்ளி நிரம்பி, குலுக்கல் போட்டு இடம் கொடுக்கும் பகுதிகள் இருக்கின்றன. 2025 அக்டோபரில் மாகாணம் முழுக்க 51,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வகுப்பறை நெரிசல் அவர்களின் முக்கியமான குறை. மூன்று வாரம் கழித்து அரசு சட்டம் போட்டுத்தான் அதை முடித்தது. உங்கள் மகளையும் கவனியுங்கள். ஒன்டாரியோவில் நாலு வயதாகும் வருடமே முழுநாள் ஜூனியர் கிண்டர்கார்டன், காசில்லாமல். ஆல்பர்ட்டாவில் கிண்டர்கார்டன் ஒரே வருடம்தான், அதுவும் பெரும்பாலும் அரைநாள். மிச்ச நேரத்துக்கு டேகேர், இல்லாவிட்டால் மறுபடியும் அம்மா.

மச்சானிடம் இரண்டு காகிதம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கார் இன்ஷூரன்ஸ். இன்னொன்று, ஜனவரி மாத மின்சார பில். எரித்த கரண்டுக்கு ஒரு தொகை இருக்கும்; அதற்குக் கீழே டிரான்ஸ்மிஷன், டிஸ்ட்ரிபியூஷன், நிர்வாகக் கட்டணம் என்று வரிசையாக வரும். கீழே உள்ளதைக் கூட்டினால் பல மாதங்களில் மேலே உள்ளதைத் தாண்டும். அப்புறம் ஆலங்கட்டி. 2024 ஆகஸ்ட் 5 அன்று கால்கரியில் பெய்த ஒரே மழையில் காப்பீட்டுக் கணக்கில் வந்த சேதம் மட்டும் முதல் மதிப்பீட்டிலேயே சுமார் 2.8 பில்லியன் டாலர். வினைல் பக்கச்சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகிப் போனது. 2020 ஜூனிலும் இப்படி ஒன்று நடந்தது. கூரை சேதத்தில் முதல் எவ்வளவு டாலர் உங்கள் தலையில் விழும் என்று கேட்காமல் அங்கே வீட்டுக் காப்பீடு எடுக்காதீர்கள்.

இனி உங்கள் வேலை. ஆல்பர்ட்டாவின் குறைந்தபட்ச ஊதியம் 2018 முதல் 15 டாலரிலேயே நிற்கிறது, ஒன்டாரியோவில் 17.60. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சான்றிதழ் உள்ளவருக்கு இதைவிட அதிகம் கிடைக்கும், ஆனாலும் அடிமட்டம் தாழ்ந்திருக்கும் இடத்தில் பேரம் பேசுவது கஷ்டம். எண்ணெய் விலை சரிந்ததும் 2016-ல் கால்கரியில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியதையும் மறக்க வேண்டாம். உங்கள் வீட்டின் உறுதியான சம்பளம் உங்கள் மனைவியுடையது. ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் முதல் பங்கு அவருக்குத்தான்.

வான்கூவர் பக்கம் என்ற அவருடைய ஆசையை அதனால் லேசாகத் தள்ளிவிடாதீர்கள். அம்மாவின் காலுக்கும் மூச்சுக்கும் அந்தக் குளிர்காலம்தான் நல்லது. மழை உண்டு, வழுக்கும் பனி குறைவு. வாடகையை ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது, 2026-க்கு 2.3 சதவீதம். ஆல்பர்ட்டாவில் அப்படி வரம்பே இல்லை. வான்கூவர் பக்கத்து சர்ரேயில் ஸ்கைட்ரெயின் என்ற நகர ரயிலின் பக்கமாக இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் ஆறேழு வருடம் இருக்கச் சம்மதம் என்றால் தாராளமாகப் போங்கள். அங்கே சொந்த வீடு என்பது மட்டும் உங்கள் டவுன்ஹவுஸ் காசில் நடக்காது. வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கட்டூன் மூன்றிலும் வீடு மலிவு, கார் இன்ஷூரன்ஸும் அரசு நிறுவனத்திடம் என்பதால் குறைவு. ஆனால் அந்தக் குளிருக்கு அம்மாவை அழைத்துப்போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொந்த வீடுதான் வேண்டும் என்றால் என் பதில் எட்மண்டன். அதிலும் ஓரத்துப் புது வீடு வேண்டாம். தென்கிழக்கில் மில் வுட்ஸ் என்ற பழைய பகுதியில் பாருங்கள். வீடுகள் 1970, 80-களில் கட்டியவை, கராஜ் சின்னதாக இருக்கலாம். ஆனால் 2023 நவம்பரில் திறந்த வேலி லைன் ரயில் மில் வுட்ஸிலிருந்து நகர மையத்துக்குப் போகிறது. தெற்காசியக் கடைகள் அங்கேயே உண்டு. கிரே நன்ஸ் மருத்துவமனை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், உங்கள் மனைவி விண்ணப்பிக்க வேண்டிய இடங்களில் அது ஒன்று. கிடங்குகள் நிறைந்த நிஸ்கு தெற்கே காரில் கொஞ்ச தூரம். அம்மா தானாகப் படியிறங்கி ரயில் ஏற முடிகிற இடம் அது. குளிர் நிஜம்தான்: ஜனவரியில் -30 வரை இறங்கும் நாட்கள் வரும், ராத்திரி கார் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகிவிட்டுத்தான் படுக்க வேண்டும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை நாலேகாலுக்கு இருட்டிவிடும். ஸ்கார்பரோ அளவு தமிழ்க் கூட்டத்தையும் எதிர்பார்க்காதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் மனைவி ஆல்பர்ட்டா நர்ஸ் பதிவை வாங்கட்டும். வேறு மாகாணத்தில் பதிவுள்ளவருக்குப் புதிதாகத் தேர்வு கிடையாது. நிரந்தர வேலைக் கடிதம் கையில் வரும்வரை காத்திருங்கள். ஒன்பது வருட சீனியாரிட்டியை விட்டுவிட்டு கேஷுவல் ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தால், ராத்திரி வேலையும் கிறிஸ்துமஸ் வேலையும் அவருக்குத்தான் வரும். அங்கே நர்ஸ்கள் 2025 ஏப்ரலில் ஏற்ற ஒப்பந்தத்தில் நான்கு வருடத்துக்குச் சராசரியாக 20 சதவீதம் சம்பள உயர்வு இருக்கிறது, அதனால் அவருக்குப் பேச இடமுண்டு. ஜனவரியில் ஒரு வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஜூலையில் போனால் எந்த ஊரும் பிடிக்கும்.

முதல் வருடம் அங்கே வாடகைக்கு இருங்கள், ஒரு வருட ஒப்பந்தமாகப் போட்டு. ஸ்கார்பரோ வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். திரும்பி வர நேர்ந்தால் அந்த இரட்டை நில மாற்று வரியைக் கட்டி மறுபடி வாங்க உங்களால் முடியாது. வாடகைக்கு விடுவதானால் நன்றாகத் தெரிந்தவருக்கு விடுங்கள், ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் குடியிருப்பவரை ஒன்டாரியோவில் வெளியேற்ற முடியாது. புறப்படும் முன் அம்மாவின் மருந்துகளை 100 நாளுக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒன்டாரியோ திட்டம் ஒரே தடவையில் அதுவரை கொடுக்கும். ஆல்பர்ட்டா சுகாதார அட்டை நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வரும் மூன்றாவது மாதத்தின் முதல் தேதியிலிருந்துதான் செல்லும்.