பாடத்தில் மட்டும் கவனம் நிற்காத பிள்ளை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் இருக்கும் மகனுக்குப் புத்தகத்தின் முன் பத்து நிமிடம்கூடக் கவனம் நிற்பதில்லை. "எல்லாம் போன்ல தேடினா கிடைக்குது, எதுக்கும்மா இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணும்?" என்று வேறு கேட்கிறான். இனி வரும் வேலைகளுக்கு, கேட்டதை அப்படியே நம்பாமல் அலசிப் பார்க்கும் விமர்சனச் சிந்தனைதான் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அதைக் கற்றுத்தரும் ஆறு மாத இணைய வகுப்பில் அவனைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கால்பந்து மேட்ச் என்றால் மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பான்." மொத்தக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பிடித்திருக்கிறது, பார்க்கிறான் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். அவனுக்கு ஆஃப்சைடு விதி தெரியும். எந்த அணி எப்படி ஆடும், யார் இடது காலால் அடிப்பார், போன ஆட்டத்தில் என்ன நடந்தது, எல்லாம் தெரியும். அதனால் பந்தே இல்லாத பக்கத்தில் ஒருவர் ஓடினால்கூட அதில் அவனுக்கு ஒரு சேதி இருக்கிறது. என்னை அங்கே உட்காரவைத்தால் கால்மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். எனக்குத் தெரிவதெல்லாம் இருபத்திரண்டு பேர் ஓடுவது மட்டும்தான். வேதியியல் புத்தகத்தின் முன் உங்கள் மகன் இருக்கும் நிலையும் இதுதானோ என்று சந்தேகப்படுகிறேன்.

1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் செய்த ஓர் ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது. பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்.

இதற்குக் காரணம் மனதின் அளவு. ஒரே நேரத்தில் வைத்துக் கையாளக்கூடியவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் நான்குக்கு இறக்கிவிட்டார்கள். மனதை ஒரு மேசை என்று வைத்துக்கொண்டால், எல்லோருக்கும் அந்த மேசை சின்னதுதான். விஷயம் தெரிந்தவர் பல துண்டுகளைக் கட்டி ஒரே பொட்டலமாக வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சதுரங்கப் பலகையில் காட்டினார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை ஐந்தே விநாடி காட்டிவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அதனதன் இடத்தில் வைத்தார். புதியவரால் நாலைந்தைத்தான் வைக்க முடிந்தது. என்ன ஞாபகசக்தி என்று தோன்றும், இல்லையா? அப்புறம் அதே காய்களைக் கண்டபடி கலைத்துவைத்துக் காட்டினார்கள். இப்போது இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். தேர்ந்தவரிடம் இருந்தது தனியான ஞாபகசக்தி இல்லை, சதுரங்க அறிவு.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரே வாக்கியத்தில் அயனி, இணைதிறன், எலக்ட்ரான் மூன்றும் வருகின்றன, மூன்றும் அவனுக்கு அரைகுறை. அந்த வாக்கியத்திலேயே மேசை நிரம்பிவிடும். அடுத்த வாக்கியம் வரும்போது முதல் சொல் கீழே விழுந்திருக்கும். கை தானாகப் போனைத் தேடும். நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான், அதற்குக் கவனச்சிதறல் என்று பெயர் வைக்கிறோம்.

இதனால் நான் போனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைப் பற்றி யோசித்தோமோ அதுதான் நினைவில் தங்கும். பாதி மனதோடு படித்தால் பொட்டலம் கட்டவே முடியாது, பொட்டலம் இல்லாததால் நாளைக்கும் பாதி மனதுதான். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். படிக்கிற அந்த அரைமணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும். உங்களுடையதும்.

இப்போது அவன் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, அதட்டி அடக்கிவிடாதீர்கள். பதிலுக்கு ஒன்று கேட்டுப் பாருங்கள்: "நேற்று 15 டிகிரி செல்சியஸ், இன்று 30. வெப்பநிலை இரண்டு மடங்காகிவிட்டது என்று ஒரு செய்தி சொல்கிறது. சரியா?" செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் நிலைக்கு நாமாக வைத்துக்கொண்ட அடையாளம், வெப்பநிலையின் அடிமட்டம் அதற்கு 273 டிகிரி கீழே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு இது உடனே உறுத்தும். அந்த அடிமட்டத்திலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் 288 இப்போது 303 ஆகியிருக்கிறது, ஏறியது ஐந்து சதவீதம்தான். தெரியாதவனுக்கு உறுத்தாது. உறுத்தாத ஒன்றை யாரும் போனில் தேட மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவு தரும் பதில்களிலும் இதே கதைதான். தவறான பதிலும் சரியான பதிலைப் போலவே சரளமாக எழுதப்பட்டு வரும்.

விமர்சனச் சிந்தனை என்று நாம் பெரிதாகச் சொல்வதில் முக்கால்வாசி இந்த உறுத்தல்தான் என்பது என் அபிப்பிராயம். கணக்குத் தணிக்கை செய்பவருக்கு ஒரு பதிவைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறது. மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறார். இருவரும் அருமையாக யோசிப்பவர்கள். ஆனால் இருக்கையை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஒன்றும் ஓடாது. 1901-இலேயே உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் இதைத் தொட்டுவிட்டார்கள்: ஒரு வகை வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்களுக்கு, வேறு அளவும் வேறு வடிவமும் வந்ததும் அந்தப் பழக்கம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. எதைப் பற்றியும் இல்லாமல் 'சிந்தனையை' மட்டும் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான்.

அறிவு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் இணையப் பக்கங்களை எடைபோடச் சொன்னபோது, முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள்கூடப் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரம் போக்காமல் வெளியே வந்து, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் பார்த்தார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நீங்களே வீட்டில் ஒரு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கால்பந்தை வைத்து எல்லாப் பாடத்தையும் நடத்தலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பந்து ஏன் வளைந்து போகிறது என்பதில் இயற்பியல் கொஞ்சம் கிடைக்கும். அமிலத்துக்கும் காரத்துக்கும் அது உதவாது, அங்கே வேதியியலைத்தான் படிக்க வேண்டும். வகுப்புக்கு முந்தின நாள் அந்தப் பாடத்தின் தலைப்புகள், படங்கள், புதுச் சொற்களை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கட்டும். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். பிள்ளைகள் திரும்ப வாசிப்பதையே விரும்புவது ஏன் என்றும் இதில் புரிகிறது.

படிப்பு எது, வேலை எது என்பதைக் கவனக்குறைவை வைத்து இப்போதே முடிவு செய்ய வேண்டாம். எந்தத் துறையில் அலுக்காமல் விவரம் சேர்ப்பான் என்பதை இன்னும் ஒரு வருடம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பள்ளி, வீடு, நண்பர்கள் என எல்லா இடத்திலும், சிறு வயதிலிருந்தே மறதியும் அலைபாய்தலும் தொந்தரவாக இருந்திருந்தால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிடித்த விளையாட்டில் மூழ்குவதை வைத்து மட்டும் கவனக்குறைபாடு (ADHD) இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவனை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள், புரிகிறவரை விடாமல் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேதியியலில் ஒரே ஒரு பக்கத்தை அதேபோல விளக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறினான் என்று குறித்து அனுப்புங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.