அச்சுக்கும் மின்னூலுக்கும் ஒரே ஐஎஸ்பிஎன் போதுமா?

போதாது. ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலின் ஒரு பதிப்பை அடையாளம் காட்டும் சர்வதேச எண். சிங்கப்பூரில் உங்கள் கவிதைத் தொகுப்பை அச்சிலும் மின்னூலாகவும் கொண்டுவந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும். தேசிய நூலக வாரியம்தான் அதை வழங்குகிறது. இங்கே பெரும்பாலும் 978-981 என்று தொடங்கும் 13 இலக்க எண். மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும், திருத்திய பதிப்புக்குப் புதிது.

சரி, எண் வாங்கியாயிற்று. அதைவிட முக்கியம், அதோடு சேரும் விவரங்கள். நம் எழுத்தாளர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நூலுக்கு நூல் மாறினால், நூலகப் பட்டியலிலும் இணையக் கடைகளிலும் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்திலும் கட்டாயம் கொடுங்கள். மொழி 'தமிழ்' என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைகளுக்கு ஓனிக்ஸ் (நூல் விவரங்களைக் கணினிவழி பரிமாறும் பொது வடிவம்) கோப்பாகப் போவதும் இதே விவரங்கள்தான்.