9.3×62 தோட்டாவ வேட்டைக்காரங்க ஏன் இப்படி கொண்டாடுறாங்க?

நல்ல கேள்வி மக்கா. எல்லாரும் .375 H&Hங்குற இன்னொரு பெரிய வேட்டைத் தோட்டா பேரத்தான் சொல்லுவாங்க, ஆனா அது 1912ல வந்தது, அதுக்கு முன்னாடியே 1905ல பெர்லின்ல ஓட்டோ போக்னு ஒரு துப்பாக்கி செய்யுறவரு ஆப்பிரிக்கால குடியேறுன ஜெர்மன் விவசாயிங்களுக்காக பண்ணுனதாக்கும் இது. சாதாரண மவுசர் 98ங்குற ஜெர்மன் ரைபிள்லயே அடங்கும், பெரிய ஆக்‌ஷன் (தோட்டாவ உள்ள ஏத்தி வெளிய தள்ளுற பொறி) வேண்டாம், அதனால விலையும் கம்மி, விசயமே அங்கதான் இருக்கு. குண்டு மட்டும் 18.5 கிராம், வேகம் செகண்டுக்கு 720 மீட்டர் பக்கம், ரொம்ப ஸ்பீடு இல்ல, ஆனா அந்த கனம் ஆழமா இறங்கும், தோள்ல உதையும் .375 அளவுக்கு இருக்காது. பேச்சிப்பாறை பக்கம் மரச்சீனிய தோண்டிப்போடுதே காட்டுப்பன்னி, அந்த ஜாதிய ஜெர்மனில இத வச்சு வேட்டையாடுறாங்க (இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டையாடக்கூடாது, அது வேற), ஸ்வீடன்ல பெரிய மூஸ் மானுக்கும் இன்னைக்கும் இத எடுத்துட்டு போறாங்க.